லோடு நின்ற பிறகும் ஓடிய மீட்டர்: கப்பலூர் ஷன்ட் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில் இருக்கிறது கப்பலூர் தொழிற்பேட்டை. அங்கே ஒன்பது பேர் வேலை செய்யும் ஒரு சிறு பட்டறையில் ஷன்ட் செய்கிறோம். சோதனை மேசை என் பொறுப்பு. கீழே எழுதியிருப்பது எங்கள் பட்டறையிலேயே நடந்தது. யாருடைய பெயரும், எந்த நிறுவனத்தின் பெயரும் இதில் இல்லை. இதே வேலை செய்கிறவர்களுக்கும், பேனல் கட்டுகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் அளவுகளை மட்டும் மறைக்காமல் தருகிறேன்.

ஷன்ட் என்பது கரன்ட்டை அளக்க உதவும் மிகக் குறைந்த ஓம் (மின்தடை) கொண்ட ஒரு துண்டு. 200 ஆம்பியரை நேராக மீட்டருக்குள் விட முடியாது. அதை ஷன்ட் வழியாக ஓடவிட்டு, அதன் இரு முனைக்கும் இடையே தோன்றும் சின்ன மின்னழுத்தத்தை மீட்டர் படிக்கிறது. இந்தக் கதையில் வரும் ஷன்ட் 200 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் தர வேண்டியது. ஓம் விதிப்படி அதன் மதிப்பு 375 மைக்ரோஓம். முழு கரன்ட் ஓடும்போது 15 வாட் வெப்பம் வரும். கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும்.

இதில் இரண்டு பித்தளைக் கட்டைகள் இருக்கும். அவற்றில் வெட்டிய காடிகளில் 20 மி.மீ. அகலமும் 1 மி.மீ. கனமும் உள்ள மூன்று தகடுகளைச் செருகி சில்வர் பிரேசிங் (வெள்ளிக் கலவையை உருக்கிப் பற்றவைப்பது) செய்வோம். கட்டைகளுக்கு நடுவே 50 மி.மீ. இடைவெளி. மாங்கனின் என்ற செம்புக் கலவைத் தகட்டில் இந்த அளவுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 367 மைக்ரோஓம் வரும். வேண்டுமென்றேதான் குறைவாக வைக்கிறோம். தகட்டின் ஓரத்தில் அரம் போட்டால் உலோகம் குறைந்து ஓம் ஏறும். ஏறியதை இறக்க நல்ல வழி கிடையாது. அதனால் கீழேயிருந்து மேலே போய் 375-ல் நிறுத்துவதுதான் வழக்கம்.

ஒவ்வொரு கட்டையிலும் பெரிய போல்ட் துளை ஒன்றும் சின்னத் திருகு ஒன்றும் இருக்கும். பெரிய துளை கரன்ட் போக, சின்னத் திருகு மில்லிவோல்ட் எடுக்க. போல்ட் இணைப்பின் ஓம் பல சமயம் ஷன்ட்டின் ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பதால் இரண்டையும் ஒரே இடத்தில் எடுக்கவே கூடாது.

மாங்கனினில் 84 முதல் 86 சதவீதம் செம்பு, 12 சதவீதம் அளவுக்கு மாங்கனீசு, மீதி நிக்கல். இதை உருவாக்கியவர் எட்வர்டு வெஸ்டன். செம்பு 10 டிகிரி சூடேறினால் அதன் ஓம் கிட்டத்தட்ட 4 சதவீதம் ஏறிவிடும். மாங்கனினில் அந்த மாற்றம் சதவீதத்தில் சில நூறில் ஒரு பங்குதான். இந்தக் குணத்தைத் தொழிலில் இருக்கிற எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இன்னொரு குணமும் மாங்கனினுக்கு உண்டு: செம்போடும் பித்தளையோடும் சேர்த்துச் சூடாக்கினால் அது தானாக மின்னழுத்தம் உண்டாக்குவது மிக மிகக் குறைவு. எத்தனையோ வருடம் நல்ல மாங்கனினையே வாங்கிப் பழகியதால் இந்த இரண்டாவது குணம் எங்கள் நினைவிலேயே இல்லாமல் போயிருந்தது.

## ஆர்டரும் அவசரமும்

பங்குனி கடைசியில் 200 ஆம்பியர் ஷன்ட் 60 வேண்டும் என்று ஆர்டர் சேர்ந்தது. மூன்று பேர் கேட்டிருந்தார்கள். சித்திரைத் திருவிழா தொடங்கிவிட்டால் எங்கள் பட்டறையில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். மீனாட்சி திருக்கல்யாணத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும் வரைக்கும் வேலை நடக்காது என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். அதனால் அதற்கு முன்பே முதல் 40-ஐ அனுப்பிவிடுவதாக உரிமையாளர் சொல்லியிருந்தார்.

வழக்கமாகத் தகடு தருகிற வியாபாரியிடம் அந்த வாரம் சரக்கு இல்லை. வேறொருவரிடம் கேட்டு வாங்கினோம். நாங்கள் அனுப்பிய ஆர்டர் தாளில் இருந்தது இவ்வளவுதான்: ‘ரெசிஸ்டன்ஸ் தகடு, 20 × 1 மி.மீ., ஷன்ட் வேலைக்கு.’ மாங்கனின் என்ற சொல்லே அதில் இல்லை. பழைய வியாபாரிக்கு அது போதும், ஏனென்றால் அவருக்கு எங்களைத் தெரியும். புதியவருக்கு எப்படித் தெரியும்? கட்டு வந்தது. உலோகக் கலவைச் சான்று அடுத்த வாரம் வரும் என்றார்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கிடைத்தன. இரண்டையும் தாண்டிப் போனோம்.

முதலாவது நிறம். எங்கள் பட்டறையில் பிரேசிங் செய்கிற அண்ணன் 20 வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறார். தகட்டுக் கட்டைப் பிரித்ததும் ஒரு தகட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது என்ன வெள்ளையா இருக்கு? நம்ம தகட்டுல செம்பு நெறம் அடிக்கும்ல?”

“ஆசிட்ல கழுவி அனுப்பியிருப்பாங்கண்ணே.”

“ஆசிட்ல கழுவினா இன்னும் செவப்பால்ல தெரியும்…”

அதோடு பேச்சு நின்றது. அவர் சொன்னதுதான் சரி. மாங்கனின் மேல் படிந்த கறையை அமிலத்தில் எடுத்தால் செம்பு நிறம் கூடத்தான் செய்யும். அவசரத்தில் எனக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது, சொல்லிவிட்டேன்.

இரண்டாவது மதிப்பு. முதல் ஷன்ட் பிரேசிங் முடிந்து மேசைக்கு வந்தபோது 408 மைக்ரோஓம் காட்டியது. 367 வர வேண்டிய இடத்தில் 408, அதாவது 11 சதவீதம் கூடுதல். அரம் போட்டு இறக்க முடியாது. “தகடு மெலிசா வந்திருக்கும், ஜிக்கைச் சுருக்குங்க” என்றேன். பிரேசிங் செய்யும்போது இரண்டு கட்டைகளையும் சரியான இடைவெளியில் பிடித்து வைக்கும் சட்டம்தான் ஜிக். இடைவெளியை 50-லிருந்து 45 மி.மீ. ஆக்கினோம். மதிப்பு 367-க்கு வந்தது, அரம் போட்டு 375-ல் நிறுத்தினோம். தகடு உண்மையிலேயே மெலிந்திருக்கிறதா என்று பார்க்க மைக்ரோமீட்டர் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

சோதனைகள் எல்லாம் நன்றாகவே அமைந்தன. 60 ஷன்ட்டும் அரை சதவீத எல்லைக்குள். மாதிரிக்கு இரண்டை 200 ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓட்டினோம். சூடேறியும் மதிப்பு அசையவில்லை. 40 பெட்டியில் ஏறிப் போயின, 20 கையிருப்பில் நின்றன.

## முதல் புகார்

மூன்று வாரம் கழித்து, பேட்டரி பேனல் கட்டுகிறவரிடமிருந்து போன் வந்தது. உசிலம்பட்டி பக்கத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் அவர் சோலார் அமைத்திருந்தார். 48 வோல்ட், 600 ஆம்பியர்-மணி பேட்டரி. மாலையில் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பால் வந்து சேர்ந்ததும் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும். அப்போது பேட்டரியிலிருந்து 120 ஆம்பியர் வரைக்கும் போகும்.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஓர் ஆம்பியர்-மணி மீட்டர் வைத்திருந்தார்கள். உள்ளே போனதைக் கூட்டும், வெளியே வந்ததைக் கழிக்கும் சாதாரண மீட்டர் அது. முழு சார்ஜ் ஆனதும் தன்னைத் திருத்திக்கொள்ளும் வசதி அதில் இல்லை, கையால்தான் ரீசெட் செய்ய வேண்டும். ஒரு ராத்திரி அது 58 சதவீதம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, பேட்டரி வோல்ட்டேஜ் கீழே போய் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது. காவலுக்கு இருந்தவர் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டதால் பால் தப்பித்தது.

பேனல் கட்டியவர் முதலில் சந்தேகப்பட்டது மீட்டரின் சார்ஜ் திறன் அமைப்பை. ஈய அமில பேட்டரியில் உள்ளே போவதெல்லாம் திரும்பி வராது. அதற்காக 90 சதவீதம் என்று வைத்திருந்ததை 85 ஆக்கினார். சில நாள் பொருந்துகிற மாதிரி இருந்தது, அப்புறம் மறுபடி விலகியது. கடைசியில் ஷன்ட்டைக் கழற்றி எங்களுக்கு அனுப்பினார்.

மேசையில் வைத்து அளந்தோம். 374.8 மைக்ரோஓம். எல்லைக்குள் அழகாக இருந்தது. “ஷன்ட் சரியாக உள்ளது” என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். இந்த முழு நிகழ்விலும் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அந்தக் கையெழுத்துதான். எப்படிப்பட்ட தவறைப் பார்த்தீர்கள், எப்போது, எந்தப் பக்கம் என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

## இரண்டாவது புகாரும், நேரில் கண்டதும்

பத்து நாளில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கம்ப்ரசர் நிறுத்தப்பட்டிருக்கிறது. கேபிளில் மாட்டிய கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. பேனல் மீட்டரில் மட்டும் 2.6 ஆம்பியர். “கரன்ட்டே இல்லாம உங்க ஷன்ட் எதைக் காட்டுது?” என்று கேட்டிருந்தார்.

மறுநாளே உசிலம்பட்டிக்குப் போனேன். கம்ப்ரசரை 40 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பேட்டரி ஐசொலேட்டரையும் திறந்தோம். இனி ஷன்ட்டில் கரன்ட் போக வழியே இல்லை. ஷன்ட்டின் சின்னத் திருகுகளில் மல்டிமீட்டரை வைத்தேன். 0.98 மில்லிவோல்ட். 75 மில்லிவோல்ட்டுக்கு 200 ஆம்பியர் என்ற கணக்கில் அது சரியாக 2.6 ஆம்பியர். ஆக, பேனல் மீட்டர் பொய் சொல்லவில்லை. ஷன்ட்டிலிருந்து வருவதைத்தான் படிக்கிறது. ஐந்து நிமிடத்தில் அது 0.6-க்கு இறங்கியது, கால் மணி நேரத்தில் 0.2-க்கு. ஷன்ட் ஆற ஆற அளவும் குறைந்தது. அங்கேதான் எனக்கு முதல் முறையாக வயிற்றில் ஏதோ செய்தது.

மறுபடி ஓட்டி, இரண்டு கட்டைகளின் வெப்பத்தையும் அளந்தோம். பளபளப்பான பித்தளை மேல் அகச்சிவப்பு வெப்பமானியை நேராகக் காட்டினால் குறைவாகத்தான் காட்டும். அதனால் இரண்டு கட்டையிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் பார்த்தேன். பேட்டரி பக்கக் கட்டை 71 டிகிரி, பஸ்பார் (கரன்ட் போகும் செம்புப் பட்டை) பக்கக் கட்டை 44. ஒரே ஷன்ட்டின் இரு முனைக்கும் 27 டிகிரி வித்தியாசம்.

காரணம் பார்த்ததுமே தெரிந்தது. ஒரு பக்கம் அகலமான செம்பு பஸ்பாரில் இறுக்கியிருந்தது, அது வெப்பத்தை வாங்கிக்கொண்டது. மறுபக்கம் கேபிள் லக், அதாவது கேபிள் முனையில் போல்ட் போடுவதற்கான உலோகக் காது. அடியில் ஸ்பிரிங் வாஷர் இல்லை, லக்கின் முகத்தில் பெயின்ட் படிந்திருந்தது. அந்த இணைப்பே தனியாகச் சூடாகிக்கொண்டிருந்தது.

லக்கைக் கழற்றி, முகத்தைத் தேய்த்து, வாஷர் போட்டு இறுக்கினோம். வித்தியாசம் 8 டிகிரிக்கு இறங்கியது, மிச்ச மின்னழுத்தம் 0.3 மில்லிவோல்ட்டுக்கு. பேனல்காரர் முகம் தெளிந்துவிட்டது. “லக்தான் சார் பிரச்சினை. எங்க ஆளு பண்ணின வேலை. விடுங்க, முடிஞ்சுது” என்றார்.

அங்கேயே முடித்திருக்கலாம். குற்றம் எங்கள் தலையில் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த எண்கள் பொருந்தவில்லை. 0.98 மில்லிவோல்ட்டை 27 டிகிரியால் வகுத்தால் டிகிரிக்கு 36 மைக்ரோவோல்ட். 0.3-ஐ 8-ஆல் வகுத்தாலும் 37. இரண்டு நிலையிலும் ஒரே விகிதம். மாங்கனின் என்றால் டிகிரிக்கு ஒன்றோ இரண்டோ மைக்ரோவோல்ட்தான் வர வேண்டும். 27 டிகிரிக்கு 0.05 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. நான் பார்த்தது அதைப்போல 20 மடங்கு. லக் லூசாக இருந்தது உண்மை. ஆனால் லூசான லக் வெப்பத்தைத்தான் தரும், மின்னழுத்தத்தைத் தராது. வெப்பத்தை மின்னழுத்தமாக்கியது எங்கள் தகடு.

## பட்டறையில் செய்த சோதனைகள்

மிச்சமிருந்த புதுக் கட்டிலிருந்து ஒரு முழத் தகடு, பழைய கட்டிலிருந்து ஒரு முழத் தகடு. ஒவ்வொன்றின் இரு முனையிலும் சுத்தமான செம்புக் கம்பியை இறுக்கிக் கட்டி மல்டிமீட்டரில் இணைத்தேன். ஒரு முனையை மட்டும் கொதிக்கும் தண்ணீருக்குள் விட்டேன். மறுமுனை வெளியே, அறை வெப்பத்தில். அன்று பட்டறைக்குள் 32 டிகிரி.

பழைய தகட்டில் மீட்டர் 0.1 மில்லிவோல்ட்டைக்கூடத் தொடவில்லை. புதுத் தகட்டில் 2.9 மில்லிவோல்ட்.

பிரேசிங் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டியதைத் தகட்டுக் கட்டைப் பிரித்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அதன் பிறகு செய்தவையெல்லாம் உறுதிப்படுத்தவே. மைக்ரோமீட்டரில் தகட்டின் கனம் சரியாக 1 மி.மீ., மெலியவே இல்லை. ஒரு மீட்டர் நீளம் எடை போட்டால் பழையது 168 கிராம், புதியது 178. அரத்தால் கீறினால் பழையதில் செம்மை, புதியதில் வெள்ளி நிறம். காந்தம் இரண்டையுமே இழுக்கவில்லை, அதனால் அந்தச் சோதனை இங்கே உதவாது. கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்துக்குத் துண்டு அனுப்பினோம். ஏறக்குறைய 55 சதவீதம் செம்பு, 44 சதவீதம் நிக்கல் என்று வந்தது. கான்ஸ்டன்டன். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் யுரேகா கம்பி என்று சொல்வார்களே, அதே கலவை.

கான்ஸ்டன்டன் மோசமான உலோகம் இல்லை. சூட்டில் அதன் ஓமும் அசையாது, மின்தடை எண்ணும் மாங்கனினுக்குப் பக்கத்திலேயே இருக்கும்: மாங்கனின் 0.44 மைக்ரோஓம்-மீட்டர் என்றால் கான்ஸ்டன்டன் 0.49. அந்த 11 சதவீதம்தான் எங்களுக்கு 408 ஆகத் தெரிந்தது. ஆனால் செம்போடு சேர்ந்தால் அது டிகிரிக்கு சுமார் 40 மைக்ரோவோல்ட் தரும். இரண்டு உலோகங்களின் இணைப்புகள் இரண்டு வேறு வெப்பத்தில் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும் என்று சீபெக் 1821-இல் கண்டார். அதை வைத்துத்தான் வெப்பத்தை அளக்கும் வெப்ப மின்னிரட்டை (தெர்மோகப்பிள்) செய்கிறார்கள். செம்பும் கான்ஸ்டன்டனும் அதற்குப் பெயர் போன ஜோடி. வெப்பத்தை அளக்கச் சிறந்த ஜோடியை வைத்து நாங்கள் கரன்ட்டை அளக்கும் கருவி செய்திருந்தோம். ஏசி வேலைக்கு அது ஓடிவிடும். டிசிக்கு ஆகாது.

பேட்டரி வேலையில் இது ஏன் இவ்வளவு கெடுதல் செய்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சார்ஜ் ஆகும்போது கரன்ட் ஒரு திசை, செலவாகும்போது எதிர்த்திசை. ஆனால் வெப்பத்துக்குத் திசை கிடையாது. லூசான லக் எந்தப் பக்கம் கரன்ட் போனாலும் சூடாகும், அதே கட்டைதான் எப்போதும் சூடு. அதனால் பிறக்கும் மின்னழுத்தமும் எப்போதும் ஒரே திசை. சார்ஜில் அது அளவோடு கூடியது, செலவில் அளவிலிருந்து கழிந்தது. உள்ளே போனதைக் கூட்டியும் வெளியே போனதைக் குறைத்தும் மீட்டர் எழுதிக்கொண்டே போனது. 120 ஆம்பியரில் 2.6 என்றால் 2 சதவீதம் சொச்சம். நாளுக்கு 250 ஆம்பியர்-மணி உள்ளே, 250 வெளியே என்றால், இரண்டு பக்கப் பிழையும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 11 ஆம்பியர்-மணி. பத்து நாளில் நூறைத் தாண்டும். 600-இல் நூறு! உள்ளே போனதையும் வெளியே போனதையும் ஒரே மாதிரி கூட்டியோ குறைத்தோ காட்டியிருந்தால் பிழையின் பெரும்பகுதி கழிந்துபோயிருக்கும்.

எங்கள் சோதனைகள் ஏன் இதைப் பிடிக்கவில்லை? மைக்ரோஓம் மீட்டர் முதலில் ஒரு திசையில் கரன்ட் விடும், அப்புறம் திருப்பி விடும், இரண்டின் சராசரியைக் காட்டும். வெப்பத்தால் பிறக்கும் மின்னழுத்தத்தை நீக்குவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஓமை அளக்க அதுதான் சரியான முறை. ஆனால் எங்கள் ஷன்ட்டில் இருந்த பிழையும் அதுவேதான். கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்து பிழையை ஒவ்வொரு முறையும் துடைத்துக் காட்டியது. 200 ஆம்பியரில் ஓட்டிய சோதனையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கிளாம்ப், ஒரே நீள கேபிள். இரு கட்டையும் ஒன்றாகச் சூடேறின, வித்தியாசம் இல்லை. வாடிக்கையாளர் பேனலில் அப்படி ஒரு சமநிலை எங்கே கிடைக்கும்?

## எடுத்த முடிவுகள்

உரிமையாளரோடு உட்கார்ந்து பேசினோம். போன 40-இல் 14 பேட்டரி பேனல்காரருக்கு. மற்ற 26-இல் ஒரு பகுதி முலாம் பூசும் பட்டறைகளுக்கான ரெக்டிஃபையருக்கு (ஏசியை டிசியாக்கும் கருவி), மீதி சார்ஜர் சோதிக்கும் மேசைகளுக்கு. உரிமையாளர் கேட்டது நியாயமான கேள்வி: “முலாம் தொட்டியில ஒரு ஆம்பியர், ரெண்டு ஆம்பியர் கூடக் குறையக் காட்டினா யாருக்கு என்ன? பேட்டரிக்குப் போன 14 மட்டும் திருப்பி எடுத்தாப் போதாதா?”

எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டும் என்று நான் சொன்னதற்கு இரண்டு காரணம். ஒவ்வொரு ஷன்ட்டின் மேலும் துல்லிய வகுப்பு 0.5 (பிழை அரை சதவீதத்துக்குள்) என்று நாமே முத்திரை குத்தியிருக்கிறோம். யாருக்கு விற்றோம் என்பதை வைத்து அது மாறாது. இரண்டாவது, ஷன்ட் ஓரிடத்தில் நிற்காது. இன்றைக்கு ரெக்டிஃபையரில் இருப்பதை நாளைக்குக் கழற்றி யாராவது பேட்டரியில் போடுவார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “சரி, எல்லாத்தையும் எடுத்துருவோம்” என்றார்.

லக்கை மட்டும் காட்டிப் பழியை முடித்துக்கொள்வதில்லை என்றும் முடிவு செய்தோம். மூன்று பேருக்கும் தமிழில் ஒரு பக்கக் கடிதம் போனது. தகடு மாறியதை மறைக்காமல் எழுதினோம். வீட்டிலேயே செய்து பார்க்கிற மாதிரி ஒரு சோதனையும் சொன்னோம்: அரை மணி நேரம் லோடில் ஓட்டி, நிறுத்தி, ஐசொலேட்டரைத் திறந்த பிறகு மீட்டர் பூஜ்யத்துக்கு வருகிறதா பாருங்கள். பேனல்காரருக்கு லக் பற்றியும் தனியாக எழுதினோம், ஏனென்றால் அதுவும் திருத்த வேண்டியதுதான்.

தகடு விற்றவர் மிச்சத் தகட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிரேசிங் செலவைத் தர மறுத்தார். எங்கள் ஆர்டர் தாளில் மாங்கனின் என்று எழுதாத நிலையில் அவரிடம் வாதாட எங்களுக்கு இடமில்லை.

## பின்பு நடந்தது

இரண்டு மாதத்தில் 37 திரும்பி வந்தன. கையிருப்பு 20-ஐயும் சேர்த்து 57. கட்டைகளைச் சூடாக்கித் தகடுகளை உருவி எடுத்தோம். காடிகளில் பழைய பற்று ஒட்டிக்கொண்டிருந்தது, அதை ஹாக்ஸா பிளேடால் சுரண்டி எடுக்கவே ஆளுக்கு இரண்டு நாள் பிடித்தது. பித்தளை வீணாகவில்லை. வெட்டி எடுத்த கான்ஸ்டன்டன் தகடுகளை எங்கள் சோதனை மேசையின் லோடு பெட்டிக்குப் போட்டோம். வெறுமனே சூடாகிற வேலைக்கு அது நல்ல தகடு.

ஜிக் மறுபடி 50 மி.மீ.க்குப் போனது. பழைய வியாபாரியின் மாங்கனின் வந்தது, முதல் ஷன்ட் 366 காட்டியது. பிரேசிங் முடிந்தவற்றை 140 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க வைத்தோம். வளைத்ததிலும் சூட்டிலும் தகட்டுக்குள் தங்கிய இறுக்கம் தளர்ந்தால்தான் பின்னாளில் மதிப்பு நகராது. அதற்குப் பிறகே அரம்.

பால் நிலையத்துக்குப் புது ஷன்ட்டை நானே எடுத்துப் போனேன். மாட்டிய பின் ஒரு கட்டையை மட்டும் ஹாட் ஏர் கன்னால் மற்றதைவிட 40 டிகிரி சூடாக்கினேன். மல்டிமீட்டர் 0.05 மில்லிவோல்ட், பேனல் மீட்டர் 0.1 ஆம்பியர். முன்பு இதே வித்தியாசத்துக்கு 4 ஆம்பியர் காட்டியிருக்கும். சார்ஜ் திறன் அமைப்பை 90-க்குத் திருப்பி, மீட்டரை ரீசெட் செய்துவிட்டு வந்தோம். ஒரு மாதம் கழித்துப் பேனல்காரர் ஹைட்ரோமீட்டரை (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு செல்லாகப் பார்த்துவிட்டு, மீட்டர் சொல்வதும் பேட்டரியில் இருப்பதும் ஒத்துப்போகிறது என்று போன் செய்தார்.

## மாற்றியவையும், இன்னும் மாற்ற நினைப்பவையும்

இப்போது எந்தத் தகடு வந்தாலும் வெந்நீர்ச் சோதனை முடியாமல் வெட்டுமேசைக்குப் போகாது. ஒரு கெட்டில், இரண்டு செம்புக் கம்பி, ஒரு மல்டிமீட்டர், ஐந்து நிமிடம். இவ்வளவு எளிய சோதனையை முன்பே செய்யாமல் இருந்தோமே என்று நினைக்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆர்டர் தாளில் மாங்கனின் என்ற பெயரும் கலவை விகிதமும் இருக்கும். சான்று பின்னால் வரும் என்றால் சரக்கும் பின்னால் வரட்டும்.

முடித்த ஷன்ட்டுக்குக் கடைசிச் சோதனை ஒன்று சேர்ந்திருக்கிறது. கரன்ட் எதுவும் விடாமல், ஒரு கட்டையை 40 டிகிரி கூடுதலாகச் சூடாக்கி மில்லிவோல்ட் பார்ப்போம். 0.1-ஐத் தாண்டினால் தள்ளுபடி. ஒவ்வொன்றுக்கும் செய்ய நேரம் போதாது, ஒவ்வொரு கட்டுத் தகட்டிலிருந்தும் மூன்று ஷன்ட்டுக்குச் செய்கிறோம்.

ஜிக் அளவை மாற்றினால் காரணத்தை எழுதாமல் வேலை தொடராது. ‘மதிப்பு வரவில்லை’ என்பது காரணம் ஆகாது. ஏன் வரவில்லை என்று அளந்து எழுத வேண்டும். பிரேசிங் அண்ணன் ஒரு தகட்டில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டால், நானோ உரிமையாளரோ வந்து பார்க்கும் வரை அந்தத் தகட்டுக் கட்டை யாரும் தொடக் கூடாது. இதுவரை இரண்டு முறை போட்டிருக்கிறார். ஒரு முறை தகடு சரியாகத்தான் இருந்தது. அதனால் அரை நாள் போனது, யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டிக்குள் ஒரு தாள் வைத்து அனுப்புகிறோம்: இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வாஷர் போடுங்கள், லக்கின் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், தகடுகளுக்கு நடுவே காற்று மேலே ஏறுகிற மாதிரி மாட்டுங்கள், தொடர்ந்து ஓட்டுவதானால் முத்திரை அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாதீர்கள்.

புகார் வந்தால் என்ன செய்வது என்பதில்தான் இன்னும் நாங்கள் முழுசாக மாறவில்லை. ஷன்ட்டைக் கேட்டு வாங்கி மேசையில் வைக்கத்தான் கை முதலில் போகிறது. மாட்டிய இடத்தில், மாட்டிய நிலையிலேயே பார்க்க ஆள் அனுப்ப வேண்டும். ஒன்பது பேர் உள்ள பட்டறையில் அது ஒவ்வொரு முறையும் முடிவதில்லை. இப்போதைக்குப் போனிலேயே ஏழு கேள்வி கேட்கிறோம். லோடை நிறுத்தியதும் மீட்டர் என்ன காட்டுகிறது என்பது அதில் முதல் கேள்வி.

திரும்பாத மூன்றில் இரண்டு ஒரு முலாம் பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. லைனை நிறுத்த முடியாது, எங்களுக்கு இது போதும் என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முத்திரையை அழிக்க மட்டும் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது எந்தப் பேனலில், எந்த ஊரில் இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை. பேனல்காரர் விற்ற இடங்களுக்கெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். எங்கள் பதிவேட்டில் 37-ஆம் எண்ணுக்கு எதிரே உள்ள கட்டம் நிரப்பப்படாமல் இருக்கிறது.